ஏழு மரைக்கார்களும் ஒல்லாந்து முறையும்

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் நெதர்லாந்தில், எங்கள் ஊர்ப் பேச்சில் ஒல்லாந்தில், ஓர் அரசு எப்படி அமைகிறது என்று கேட்டால், என்னளவுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர் அந்தக் காலத்தில் கல்முனைக் கரையில் வேறு எவரும் இருக்கவில்லை. (கேட்டவரும் எவரும் இருக்கவில்லை என்பது வேறு விடயம்.) அந்த அறிவு எனக்குத் தொழிலும் தரவில்லை, மரியாதையும் தரவில்லை. கிடைக்கவிருந்த ஒரு பெண்ணைக் கிடைக்காமல் செய்தது. அந்தக் கதையை என் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். என் வாயால் ஒருமுறை சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டதும் கல்லோயாப் பக்கம் கரும்பு வெட்டினேன். பிறகு கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலின் குசினியில் சமையல் எடுபிடியாக ஏறினேன். எழுபத்தேழாம் ஆண்டு நடுப்பகுதியில் கப்பல் ரொட்டர்டாம் துறைமுகத்தில் நின்றபோது, ஈர ஏணியில் வழுக்கி வலது காலை முறித்துக்கொண்டேன். கப்பல் போய்விட்டது. கால் பொருந்தும்வரை கடலோடிகள் தங்கும் விடுதி ஒன்றில் என்னைப் போட்டார்கள். கிழங்கு சீவிக் கொடுத்தால் சாப்பாடு.

அந்த விடுதியின் சமையற்காரர் பெயர் கொர். அவரும் பழைய கப்பல்காரர். எங்கள் இருவருக்கும் கப்பல் ஆங்கிலம் தெரியும். அதாவது பத்து வினைச்சொல்லும் நிறையக் கெட்ட வார்த்தையும். மாலையில் தொலைக்காட்சியில் தினமும் ஒரே காட்சி. நீண்ட கோட்டுப் போட்ட சில மனிதர்கள் ஒரு கதவுக்குள் போவார்கள். வெளியே வந்து தலையை ஆட்டுவார்கள். மறுநாளும் அதே கதவு, அதே தலை. தேர்தல் முடிந்து மாதக்கணக்காகிறது, இன்னும் அரசு அமையவில்லை என்றார் கொர். அதை அவர் மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார்.

இதையெல்லாம் நான் கூர்ந்து கவனித்ததற்கு நாட்டு நடப்பில் இருந்த அக்கறை காரணமில்லை. காரணத்தின் பெயர் றாபியா. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த ஆதம்பாவா மரைக்காரின் மூத்த மகள். நான் கப்பலேறுவதற்கு முன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எந்த ஊரில நிண்டாலும் ஒரு காட் போடுங்க. வாப்பாட பேருக்குப் போடுங்க. அவருக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது, நான்தான் வாசிச்சிக் காட்டுறது."

வாப்பாவின் பெயருக்குப் போடும் தபால் அட்டையில் ஒருவன் என்னதான் எழுத முடியும்? உங்கள் மகளை நினைத்தால் கிழங்கோடு விரலையும் சீவிவிடுகிறேன் என்று எழுத முடியுமா? ஆகவே அரசியல் எழுதினேன். ஐந்து அட்டைகள், ஐந்திலும் ஒல்லாந்து ஆட்சிமுறை. அடுத்த அட்டைக்கு விடயம் வேண்டுமே என்பதற்காகவே கொரைக் குடைந்து குடைந்து கேட்டேன். அவள் குரல் அதை வாசிக்கும், 'மகாராணி' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவேன். அந்த ஊரில் கதவுக்குக் கதவு 'கந்தோர்', அதாவது அலுவலகம், என்று எழுதியிருப்பார்கள். எங்கள் கரையை ஆண்டபோது அவர்கள் விட்டுப்போன சொல். அதைக் காணும்போதெல்லாம் கல்முனைக் கந்தோர்த் தெருவும், அங்கிருந்து எங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸும், பஸ் நின்றதும் திரும்பும் ஒழுங்கையும் வரிசையாக வரும். பிளாஸ்டர் போட்ட காலோடு அந்தக் கதவுகளின் முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

கொர் சொன்னது இதுதான். அந்த நாடு முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. சபையில் நூற்றைம்பது ஆசனங்கள். வாக்கில் எத்தனை வீதமோ ஆசனத்திலும் அத்தனை வீதம். அதனால் பத்துப் பதினொரு கட்சி உள்ளே வந்துவிடும். எந்தக் கட்சிக்கும் தனியாகப் பாதி கிடைக்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால்தான் அரசு. யார் யாரோடு சேர்வது? அதைப் பார்க்க, மகாராணி கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, ஒரு பெரிய மனிதரை நியமிப்பார். அவருக்குப் பெயர் இன்ஃபொர்மாட்டர். அவர் ஒவ்வொரு கட்சியிடமும் போய், நீ யாரோடு இருப்பாய், யாரோடு இருக்கமாட்டாய், என்ன வாக்குக் கொடுத்தால் இருப்பாய் என்று கேட்பார். கடைசியில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுப்பார். அறிக்கை பொருந்தி வந்தால் இன்னொருவர் வந்து மந்திரிப் பதவிகளைப் பிரிப்பார். அநேகமாக அவரே பிரதமராகிவிடுவார்.

நான் இதைச் சஹனாக மாற்றி விளங்கிக்கொண்டேன். சஹன் என்பது எங்கள் விருந்துகளில் வைக்கும் பெரிய தாம்பாளம். நடுவில் சோறு, சுற்றிவர ஆறு பேர், ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவோம். யார் யாரோடு சஹனில் உட்காருகிறார் என்று பார்த்தாலே ஊரின் பகையும் உறவும் தெரிந்துவிடும். ஆக, ஒல்லாந்து அரசு என்பது ஒரு சஹன். மூன்றாவது அட்டையில் இப்படியே எழுதினேன். (என் வாழ்க்கையில் நான் எழுதிய ஆகச் சிறந்த வசனம் அதுதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.)

நவம்பரில் வேறொரு கப்பல் கிடைத்தது. அதுவரைக்கும் அங்கே அரசு அமையவில்லை. அதாவது, ஆரம்பம் முழுவதும் தெரிந்து முடிவு தெரியாமல் நான் ஊருக்கு வந்தேன்.

வந்தபோது றாபியாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வீடு கட்டி மகளுக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டில் போய் இருப்பான். சுவர் கட்டிய கொத்தனாருக்கு நான் கூலியில்லாமல் கல் தூக்கிக் கொடுத்தேன். ஆதம்பாவா மரைக்கார் என் உம்மாவிடம், ஓடு போட்டதும் கதைப்போம் என்று சொல்லியனுப்பினார். எழுபத்தெட்டு நவம்பரில் ஓடும் போட்டார்கள். அதே மாதம் சூறாவளி வந்து அத்தனை ஓட்டையும் வயலில் கொண்டுபோய்ப் போட்டது. எங்கள் வீடு முழுதாகவே போனது. கரையில் யாருக்குத்தான் போகவில்லை.

பள்ளிவாசல் கூரையும் போயிற்று. அதற்கு அடுத்த மாதம் தலைமை மரைக்காரும் மௌத்தானார். அங்கேதான் வினை தொடங்கியது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். குடி என்பது தாய்வழியில் வரும் வம்சம். ஏழு குடிக்கு ஏழு மரைக்கார். அவர்கள் சேர்ந்ததுதான் பள்ளிவாசல் நிருவாகம். இறந்தவரின் குடி அவர் இடத்துக்கு ஒருவரை அனுப்பிவிட்டது. ஆனால் தலைவர் யார் என்பதில் மூன்று பேர் ஆதம்பாவா பக்கம், மூன்று பேர் மீராலெவ்வை மரைக்கார் பக்கம். ஏழாமவர் காசிம்பாவா மரைக்காருக்குக் காது கேட்காது. அவர் எல்லாருக்கும் ஓம் என்றார். இதற்கிடையில் சூறாவளி நிவாரணமாகக் கூரைத் தகரம் வந்து இறங்கியது. தலைவர் இல்லாமல் அதைப் பிரிக்க முடியவில்லை. மழைக்காலம், தென்னங்கிடுகுக்குக் கீழே தொழுகை, வெளியே அடுக்கடுக்காகத் தகரம் நனைந்துகொண்டிருந்தது.

அப்போது ஆதம்பாவா மரைக்கார் கூட்டத்தில் எழுந்து, கப்பலுக்குப் போய் வந்த ஒருவன் ஊரில் இருக்கிறான், ஒல்லாந்தில் இப்படிப்பட்ட இழுபறியை எப்படித் தீர்க்கிறார்கள் என்று ஐந்து தபால் காட்டில் எழுதியிருந்தான், மகள் வாசித்துக் காட்டினாள், அதைச் செய்துபார்த்தால் என்ன என்று கேட்டார். நாட்டிலும் அப்போது புதிய அரசியல் யாப்பு வந்து, விகிதாசாரம் என்ற சொல் பத்திரிகையில் அடிபட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் இருபத்தாறு வருட வாழ்க்கையில் ஒரு கூட்டம் என்னைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

எழுந்து நின்றேன். ஒல்லாந்தில் தேர்தல் வந்தால் பழைய மந்திரிசபை முதலில் மகாராணியிடம் விலகல் கொடுத்துவிடும் என்றேன். ஆகவே ஏழு மரைக்கார்களும் இப்போதே விலக வேண்டும். அப்படியானால் பள்ளியை யார் பார்ப்பது என்று ஒருவர் கேட்டார். நான் சிரித்தேன். அங்கே நான் இருந்த காலம் முழுவதும் அரசே இல்லை, பால் வந்தது, தபால் வந்தது, ரயில் ஒரு நிமிடம் பிந்தவில்லை என்றேன். கூட்டம் அசந்துபோயிற்று. ஏழு பேரும் விலகினார்கள். சாவியும் முத்திரையும் பாங்கு சொல்லும் மோதினாரின் கைக்குப் போயின. நான் இன்ஃபொர்மாட்டர் ஆனேன்.

கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கேள்வி ஒன்றுதான்: நீங்கள் யாரோடு ஒரு சஹனில் உட்காருவீர்கள், யாரோடு உட்காரமாட்டீர்கள்? ஊரில் இதை யாரும் யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததால்தான் ஊர் ஊராக இருந்தது என்பது எனக்கு அன்று தெரியாது. ஏழு வீட்டிலும் தேத்தண்ணி தந்து, கதவைச் சாத்திவிட்டு, மனதில் கிடந்த அத்தனையையும் கொட்டினார்கள். மீராலெவ்வை மரைக்கார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஆதம்பாவா தலைவரா வந்தா முதல் தகரம் பள்ளிக்கு ஏறாது மனே. மகள்ர வீட்டுக்குத்தான் ஏறும்." எழுதிக்கொண்டேன். காசிம்பாவா மரைக்கார் கேள்வியை மூன்று தரம் கேட்டுவிட்டு, சோறு எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அதையும் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக ஆதம்பாவா மரைக்கார் வீடு. திரைச்சீலைக்கு அப்பால் வளையல் சத்தம். என் கையெழுத்து கொஞ்சம் கோணியது. மரைக்கார் சொன்னார்: "மீராலெவ்வையோட ஒரே வரிசையில நிண்டு தொழுவன். ஒரே சஹன்ல கை வெக்க மாட்டன். அவன்ட வாய் சுத்தமில்ல." எழுதி முடித்தேன். அவர் திரைச்சீலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"வேற ஏதும் கதைக்க இரிக்கா மனே?"

இதை அவர் கேட்ட விதத்தை இன்றைக்கும் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல் கேட்டார். ஆனால் வீடு வீடாகப் போகிறவருக்குத் தனக்கென்று ஓர் ஆசையும் இருக்கக்கூடாது என்று கொர் சொல்லியிருந்தார். நான் முதுகை நிமிர்த்தி, "இல்ல மாமா, நான் இப்ப பொது மனுசன்" என்றேன். திரைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் வந்து விழுந்த சத்தம் கேட்டது. உடைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சனம் கலையவில்லை. விருந்து என்று சொல்லியிருந்தேன். மாடு ஒன்றை யாரோ நேர்ச்சையாகக் கொடுத்திருந்தார்கள். கிடுகுப் பந்தலில் இரண்டு சஹன்கள் வைத்தேன். ஒன்று அரசு, மற்றது எதிர்க்கட்சி. அறிக்கையை வாசிப்பேன், யார் யாரோடு பொருந்துகிறாரோ அவர்கள் அரசுச் சஹனில் போய் உட்காருவார்கள், தலைவர் பிறந்துவிடுவார். அங்கே இன்ஃபொர்மாட்டரின் அறிக்கை சபைக்கு முன்னால் வரும், பத்திரிகையிலும் வரும், எல்லோரும் அறிவார்கள் என்று கொர் சொன்னதை நான் மறக்கவில்லை. அங்கே எதைப் பேசுவது, எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரிந்த ஒருவரைத்தான் அந்த வேலைக்குப் போடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

கொப்பியைத் திறந்து வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. இன்னார் இன்னாரைப் பற்றி இன்னது சொன்னார் என்று, சொன்னவர் முன்னிலையில், சொல்லப்பட்டவர் முன்னிலையில், உரத்த குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முதல் பக்கத்தில் சனம் சிரித்தது. இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் பக்கத்தில் சிறுபிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். "முதல் தகரம் மகள்ர வீட்டுக்குத்தான்" என்ற இடத்தில் ஆதம்பாவா மரைக்கார் தலையைக் குனிந்துகொண்டார். நான் கவனித்தேன். கவனித்தும் அடுத்த வரியை வாசித்தேன். பக்கம் இன்னும் இருந்ததே.

முடிவில் கணக்குப் போட்டேன். ஆறு மரைக்கார்களும் ஒருவரையாவது மறுத்திருந்தார்கள். எல்லோராலும் ஏற்கப்பட்டவர், எல்லோரையும் ஏற்றவர் ஒருவரே. அவரைச் சைகையால் அழைத்தேன். காசிம்பாவா மரைக்கார் எழுந்து வந்து, பிஸ்மி சொல்லி, அரசுச் சஹனில் உட்கார்ந்தார். வேறு யாரும் வரவில்லை. மற்ற ஆறு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒல்லாந்து முறையில் எங்கள் ஊரில் அமைந்த முதலாவது அரசு, காது கேட்காத ஒரு மனிதரும் ஆறு பேருக்கான சோறுமாக அப்படியே சாப்பிட்டு முடிந்தது. இறைச்சி நன்றாக வெந்திருக்கிறது என்று அவர் மட்டும் பாராட்டினார்.

வாசலில் ஆதம்பாவா மரைக்காரைப் போய்ப் பிடித்தேன். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் உன்ட காதுக்குச் சொன்னத்த நீ ஊர்ர காதில ஓதிட்டாய். நாளைக்கு என்ட மகள் உன்னோட கதைக்கிறத்தயும் வாசிச்சிக் காட்டுவாய். போ மனே."

அதன்பிறகு பள்ளிக்கு நிருவாகம் இல்லை. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஏழு மாதம். பாலும் தபாலும் வந்தன; மற்றது எதுவும் நடக்கவில்லை. பள்ளிக் கடிதம் இல்லாமல் எங்கள் ஊரில் கலியாணம் எழுதமாட்டார்கள். நான்கு கலியாணம் நின்றுபோயின. அந்த நான்கு மாப்பிள்ளைகளும் என்னைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். மோதினார் ஊரில் எவருக்கும் சாவியைக் கொடுக்கப் பயந்து இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கினார். நான் கொருக்குக் கடிதம் எழுதி, அங்கே இந்தக் கட்டத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. விலகல் கொடுத்த பழைய மந்திரிகள், புதியவர்கள் வரும்வரை அதே கதிரையில் இருந்து அன்றாட வேலையைப் பார்ப்பார்கள். இதைக்கூட நான் உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டிருந்தார். தான் சொன்ன அந்த அரசு கடைசியில் நான் புறப்பட்ட மறுமாதம், டிசம்பரில் அமைந்தது, கிட்டத்தட்ட ஏழு மாதம் ஆனது என்றும் எழுதியிருந்தார். அந்த மட்டில் எங்கள் ஊர் ஒல்லாந்துக்குச் சமமாக வந்ததே என்று ஆறுதல்பட எனக்கு அப்போது தெம்பில்லை.

நிருவாகம் அமைந்ததும் ஒரு கலியாணத்தால்தான். றாபியாவை நிந்தவூரில் ஒரு வாத்தியாருக்குப் பேசினார்கள். கடிதம் வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் காரியம் நம்மால் நிற்கக்கூடாது என்று மீராலெவ்வை மரைக்கார்தான் முதலில் ஆதம்பாவா வீட்டுப் படி ஏறினார் என்று சொன்னார்கள். காசிம்பாவா மரைக்காரையே தலைவராக்கிவிட்டு ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள். புதிய நிருவாகம் எழுதிய முதல் கடிதம் அது. கலியாண வீட்டில் மீராலெவ்வையும் ஆதம்பாவாவும் ஒரே சஹனில் கை வைத்தார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். கை கழுவத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். பொது மனுசன் அல்லவா.

வீட்டுக்குத் தகரம் போட்டிருந்தார்கள். அன்று தூறல். தகரத்தில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஊற்றினேன். அந்தச் சுவரில் எத்தனை கல்லில் என் கை பட்டது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு மூன்று வருடம் மறுபடி கப்பல். திரும்பி வந்து அக்கரைப்பற்றில் கலியாணம் செய்தேன். எண்பத்துநான்கோ ஐந்தோ, ஊர் நிலைமை கெட்டு, பஸ் வரும் வராது என்று தெரியாத நாளொன்றில், கல்முனை பஸ் நிலையத்தில் என் மனைவியோடு நின்றேன். எதிரில் றாபியா, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. புருஷன் பஸ் விசாரிக்கப் போயிருந்தார். கிட்ட வந்தாள். என்னோடு அவள் நேரே கதைத்தது வேலிப்பேச்சுக்குப் பிறகு அன்றுதான்.

"ஒல்லாந்தில இப்ப ஆட்சி அமைஞ்சிட்டா?"

"ஓம்" என்றேன். "அமைஞ்சி, கவுந்து, திரும்ப அமைஞ்சிரிக்கி."

"ஆறாவது காட்டில அத எழுதியிருக்கலாமே" என்றாள். சிரிக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

என் மனைவி ஊர் போய்ச் சேரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. சேர்ந்ததும் எல்லாவற்றையும் கேட்டாள். நான் ஒன்றும் விடாமல் வாசித்துக்காட்டினேன். அந்தப் பழக்கம் போகவில்லை. அன்றிலிருந்து இந்தக் கதை அவளுடையது. பிள்ளைகளுக்குச் சொன்னாள், மருமக்களுக்குச் சொன்னாள், என் முன்னாலேயே விருந்தாளிகளுக்குச் சொல்கிறாள். வானொலியில் ஒல்லாந்தில் தேர்தல் என்று ஒரு வரி வந்தால் போதும், குசினியிலிருந்து குரல் வரும்: "ஆட்சி அமைஞ்சா றாபியாக்குச் சொல்லணும், மறந்திராதீங்க." வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

அங்கே ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் இழுக்கிறது. நான் நாட்களை எண்ணிக்கொண்டு இருப்பேன். அமைந்துவிட்டது என்று செய்தி வந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்குவேன், தேத்தண்ணிக் கடைவரை நடப்பேன், கடையில் இருப்பவர்களிடம் சொல்வேன். அவர்கள் அப்படியா என்பார்கள்.